மோட்டார்ஹோம் கூரையில் ஓட்டை போடலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறோம். முன்பக்கம் ஃபியட் டுகாட்டோ வேன், பின்னால் வீடு மாதிரி இருக்கிற பகுதி முழுக்க ஃபைபர்கிளாஸ். வருகிற பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு நல்லாபோர் சமவெளி வழியாக பேர்த் போகிறோம். ரோட்டில் மற்ற வண்டிக்காரர்களோடு பேசுகிற யு.எச்.எஃப். சிபி ரேடியோ கைக்கு வந்துவிட்டது. ஆண்டெனாவைக் கூரை நடுவில் ஓட்டை போட்டு நிறுத்தினால்தான் தூரம் எடுக்கும் என்கிறார் நண்பர். கூரையைத் தொடவே கூடாது என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி?
– வாசகர், மெல்பேர்ண்

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. இந்த அலைவரிசை கண்ணுக்கு எட்டும் நேர்கோட்டில்தான் போகும், அதனால் உயரம் உதவும் என்று நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் அந்தக் கூரையில் உயரத்தைவிடப் பெரிய பிரச்சினைகள் இரண்டு இருக்கின்றன.

முதலாவது, தண்ணீர். மோட்டார்ஹோம் கூரை ஒற்றைத் தகடு இல்லை, மேலே ஒரு ஃபைபர்கிளாஸ் தோல், கீழே ஒரு தோல், நடுவில் நுரையோ மரச்சட்டமோ. என் முதல் வண்டிக்குக் கடையில் ஓட்டை போட்டுத்தான் ஆண்டெனா பொருத்திக் கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் படுக்கைக்கு மேலே உட்கூரையில் வெளிர்மஞ்சளாக ஒரு வட்டக் கறை, கட்டைவிரலால் அழுத்தினால் வெந்த உருளைக்கிழங்கு மாதிரி உள்ளே போகிறது. பிரித்துப் பார்த்தபோது ஓட்டையிலிருந்து ஒரு முழம் தள்ளிவரை மரம் கறுத்துப்போயிருந்தது. ஆண்டெனாவின் விலையைப் போலப் பல மடங்கு அந்தக் கூரைக்குக் கொடுத்தேன். அதனால்தான் கேட்கிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது, உலோகம். சாதாரண ஆண்டெனா தான் மட்டும் வேலை செய்வதில்லை, அடியில் இருக்கிற தகரமும் சேர்ந்துதான் ஆண்டெனா. இந்த ரேடியோ வேலை செய்கிற 477 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 63 செ.மீ., அதில் கால்பங்கு 16 செ.மீ. அடியைச் சுற்றி எல்லாப் பக்கமும் அந்த அளவுக்காவது உலோகம் இருக்கவேண்டும். காரின் தகரக் கூரையில் அது தானாகவே அமைந்துவிடும். ஃபைபர்கிளாஸோ ரேடியோ அலைக்கு வெறும் காற்று மாதிரி. அங்கே அந்த வகை ஆண்டெனாவை வைத்தால் அனுப்புகிற சக்தியில் ஒரு பகுதி கேபிள் வழியே ரேடியோவுக்கே திரும்பி வரும்.

சரி, என்ன செய்யலாம்? கடையில் 'கிரவுண்ட் இன்டிபென்டென்ட்' என்று கேட்டு வாங்குங்கள். அடியில் உலோகம் இல்லாமலே வேலை செய்யும்படி செய்த வகை அது. அதை டுகாட்டோவின் பானெட் ஓரத்தில் பொருத்துகிற பிராக்கெட்டிலோ, புல்பார் (வண்டியின் முன்னால் இருக்கிற தடுப்புக் கம்பி) இருந்தால் அதிலோ, இடதுபக்கமாக வையுங்கள். வலதுபக்கம் வைத்தால் ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே கம்பு நிற்கும், வளைவில் எதிரே வருகிற வண்டியை ஒரு நொடி மறைத்தாலும் ஆபத்து. முன்பக்கம் வைத்தால் பின்பக்கத்து வீடு கொஞ்சம் மறைக்கத்தான் செய்யும், பின்னால் எட்டுகிற தூரம் குறையும். ஆனாலும் முந்த வருகிற ரோட் ட்ரெயின் (பல ட்ரெய்லர்களை இழுக்கிற நீள லாரி) சில நூறு மீட்டருக்குள்தான் இருக்கும், அதை ஓட்டுகிறவரோடு பேச அது போதும். கூரையில் வைக்காததால் இன்னொரு நன்மை, மரக்கிளை இடிக்காது, சோலார் பேனலுக்கும் ஏசிக்கும் நடுவில் சிக்கி நிற்க வேண்டியதும் இல்லை.

அடுத்து ஆண்டெனாவில் 'டிபிஐ' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், சக்தியை எவ்வளவு குவித்து அனுப்புகிறது என்பதன் அளவு அது, பெரிய எண்தான் நல்லது என்று விற்பார்கள். தோசைமாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கரண்டி மாவுதான், சட்டப்படி 5 வாட்டுக்கு மேல் கிடையாது. மெல்லிசாக அகலமாக ஊற்றினால் 6.6 அல்லது 9 டிபிஐ, தட்டையான நிலத்தில் வெகுதூரம் போகும், மேடுபள்ளத்தில் தலைக்கு மேலே போய்விடும். தடிமனாகச் சின்னதாக ஊற்றினால் 2 அல்லது 3 டிபிஐ, தூரம் குறைவு, ஆனால் மலைப்பாதையில் மேலேயும் கீழேயும் இருக்கிறவருக்கும் கேட்கும். நல்லாபோர் தட்டை நிலம், பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவில் 146.6 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லாத ரோடு, அதற்கு 6.6 நன்றாகப் பொருந்தும். ரொம்ப நீளமான கனத்த கம்பு வேண்டாம், அலையலையான மண்ரோட்டில் ஆடி ஆடி பிராக்கெட்டையே வெடிக்க வைத்துவிடும்.

கேள்வி: எங்கள் கேரவனை இழுக்கிற வண்டியில் ஆண்டெனா எல்லாம் சரியாகப் பொருத்தியாயிற்று. பக்கத்தில் வருகிற நண்பருக்குக் கேட்கிறது, இரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போனால் ஒன்றும் இல்லை. ரேடியோவை மாற்றவேண்டுமா?
– வாசகி, சிட்னி

பதில்: ரேடியோவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் அம்மா. முதலில் பார்க்கவேண்டியது கேபிள். பானெட் மூடுகிற இடத்தில், கீல் பக்கத்தில், கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். எங்காவது தட்டையாக நசுங்கியிருந்தால் அங்கேதான் கோளாறு. நான் ஒரு கேபிளை வெட்டிப் பார்த்திருக்கிறேன், வெளியே கறுப்புத் தோலில் நகக்கீறல் அளவுதான் காயம், உள்ளே செம்புப் பின்னல் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை பூத்துப்போயிருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிய கேபிளைத் துடைத்துக் காயவைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கேபிளின் நீளத்தையும் பாருங்கள். வழக்கமாகக் கிடைக்கிற ஆர்ஜி-58 கேபிளில் 5 மீட்டர் ஓடினாலே இந்த அலைவரிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி வழியிலேயே போய்விடும். மீந்ததைச் சுருட்டி டேஷ்போர்டுக்குள் திணிக்காமல், உற்பத்தியாளர் வெட்டக் கூடாது என்று சொல்லாதவரை, தேவையான அளவுக்கு வெட்டி கனெக்டரை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள். வெளியே இருக்கிற இணைப்புகளின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். வண்டிக்குள் கேபிள் நுழைகிற துளைக்கு முன்னால் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

அப்புறம் எஸ்டபிள்யூஆர் மீட்டர் வைத்து, அனுப்புகிற சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கவேண்டும். 1.5க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 2க்கு மேலே போனால் எங்கோ தப்பு, 3 வந்தால் பேசும் பொத்தானையே அமுக்காதீர்கள். மீட்டர் 477 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் சிபிக்கு வைத்திருந்த மீட்டரைப் போட்டு அளந்துவிட்டு நல்ல ஆண்டெனாவைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. சோதிக்கிறபோது 40ஆம் சேனலில் சோதிக்காதீர்கள், லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஆபத்தைச் சொல்லிக்கொள்கிற இடம் அது. ஆண்டெனா இணைக்காமல் எந்தச் சேனலிலும் பொத்தானை அமுக்கவே கூடாது, ரேடியோ போய்விடும்.

கேள்வி: ரோட்டில் எந்தச் சேனலில் இருக்கவேண்டும்? தனியாக லைசென்ஸ் எடுக்கவேண்டுமா?
– வாசகர், அடிலெய்ட்

பதில்: தனி லைசென்ஸ் வேண்டாம், எல்லோருக்கும் பொதுவான அனுமதி இருக்கிறது. நெடுஞ்சாலையில் 40இல் இருங்கள். கேரவன்காரர்கள் தங்களுக்குள் பேசுவது 18. 5, 35 இரண்டும் அவசரத்துக்கு மட்டும், வேறு எதற்கும் தொட்டால் சட்டப்படி குற்றம். 22, 23இல் பேசக் கூடாது, அவை கருவிகள் தகவல் அனுப்புகிறவை. அவசரச் சேனலில் எப்போதும் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்பி வெறும் ரேடியோவோடு பாலைவனத்துக்குள் போகாதீர்கள், செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கிற 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

ரோட் ட்ரெயின் 36.5 மீட்டர், சில சாலைகளில் 53.5 மீட்டர் நீளத்துக்குக்கூட வரும். பின்னால் ஒன்று வந்தால் 40இல் கூப்பிட்டு, வெள்ளை மோட்டார்ஹோம், நான் இடதுபக்கம் ஒதுங்கி நேராகப் போகிறேன், வழி இருக்கிறபோது முந்துங்கள் என்று இரண்டு வரி சொல்லுங்கள். அவர் முந்த ஆரம்பித்ததும் கொஞ்சம் வேகத்தைக் குறையுங்கள். வாலும் உங்களைத் தாண்டிவிட்டது என்று அவருக்குக் கண்ணாடியில் தெரிவது கஷ்டம், நீங்கள்தான் 'தாண்டிவிட்டீர்கள், உள்ளே வரலாம்' என்று சொல்லவேண்டும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இருக்கிற தம்பி அவனுடைய பழைய யு.எச்.எஃப். ரேடியோவைத் தருகிறேன் என்கிறான். இங்கே நாங்கள் கட்டுகிற கேரவனில் போடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். அந்த 477 மெகாஹெர்ட்ஸ் இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பேச விட்ட அலைவரிசை இல்லை. இங்கே சிபிக்கு லைசென்ஸ் தேவையில்லாமல் விட்டிருப்பது 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, அதிகபட்சம் 5 வாட். அதற்குக் கால் அலைநீள ஆண்டெனா என்றால் 2.7 மீட்டர் கம்பு, கேரவனுக்கு, கம்பின் அடியில் சுருள் வைத்துக் குட்டையாக்கிய வகைதான் சரிப்படும்.