பர்மாப் போர் மெடல்: விளிம்பைத் தேய்க்காதீர்கள்

கேள்வி: எங்கள் பாட்டனாரின் தாத்தா மதராஸ் படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய வெள்ளி மெடல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. மேலே 'பர்மா 1885-7' என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டை. நன்றாகக் கறுத்துவிட்டது. அவர் போரில் மாண்டதற்காகக் கொடுத்ததா இது? மெருகு போட்டுச் சட்டம் அடிக்கலாமா? வெளிநாட்டில் நல்ல விலை போகும் என்கிறாரே ஒருவர்?

பதில்: முதலில் மெருகு விஷயம். வேண்டவே வேண்டாம். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல விபூதி, பல்பொடி, புளி என்று எதையும் இதன்மேல் போடாதீர்கள். கடையில் விற்கும் வெள்ளித் திரவத்தில் முக்கவும் கூடாது. நீங்கள் பார்க்கும் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம். அது மெடலை அரிக்காது. தேய்க்கும்போது படலத்தோடு வெள்ளியும் போகும். அப்படிப் போகக் கூடாத இடம் விளிம்பு. உங்கள் மூதாதையரின் பெயர் இருக்குமானால் அங்கேதான் இருக்கும்.

இது 1854-ல் தொடங்கப்பட்ட இந்தியப் பொதுச் சேவை மெடல். பின்பக்கம் பாருங்கள்: உட்கார்ந்திருக்கும் வீரன் ஒருவனுக்குச் சிறகு முளைத்த வெற்றித் தேவதை மாலை சூட்டுவாள், அடியில் தாமரை. குறுக்களவு 36 மில்லிமீட்டர். நாடா மிஞ்சியிருந்தால் சிவப்பில் இரண்டு கருநீலக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு போருக்கும் தனி மெடல் அடிக்காமல், ஒரே மெடலில் பட்டையை மட்டும் மாற்றிமாற்றிக் கோத்தார்கள். 24 வகைப் பட்டைகள் வந்தன. உங்களுடையது மூன்றாம் ஆங்கிலேய-பர்மியப் போரில் பணியாற்றியவர்களுக்கு உரியது.

இறந்ததற்காகக் கொடுத்ததா என்றால், இல்லை. அந்தப் போர்முனையில் பணி செய்த படைவீரர் எல்லாருக்கும் இதே மெடல்தான். உயிரோடு திரும்பியவர் நெஞ்சில் குத்திக்கொண்டார். திரும்பாதவருடையது வாரிசுக்குப் போனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. மாண்டவருக்கென்றே தனி நினைவுத் தகடு முதல் உலகப் போருக்குப் பிறகுதான் வந்தது: 120 மில்லிமீட்டர் அகல வெண்கல வட்டம், சிங்கத்தோடு நிற்கும் பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவம்), பதவி எதுவும் இல்லாமல் வெறும் பெயர். அது இருக்கும் வீட்டில் ஒருவர் அந்தப் போர்க்காலத்தில் இறந்திருக்கிறார் என்று உறுதியாகச் சொல்லலாம். உங்கள் மெடலை வைத்து அப்படிச் சொல்ல வழியில்லை.

அதனால் வீட்டுப் பேச்சு பொய் என்று ஆகிவிடாது. 1885 நவம்பரில் ஜெனரல் பிரெண்டர்காஸ்ட் தலைமையில் படை ஐராவதி ஆற்றின் வழியே ஏறிப் போனது. அவரே மதராஸ் எஞ்சினியர்ஸ் பிரிவிலிருந்து வந்தவர்தான். மின்லா கோட்டையில் ஒரு சண்டை. அதன் பிறகு பெரிய எதிர்ப்பு இல்லாமல் 28-ஆம் தேதி பர்மியத் தலைநகர் மாண்டலே கைக்கு வந்தது. பர்மிய மன்னர் தீபா நாடு கடத்தப்பட்டு, மதராஸில் சில காலம் வைக்கப்பட்டுப் பிறகு ரத்னகிரிக்கு அனுப்பப்பட்டார். 1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மாவையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது பிரிட்டிஷ் அரசு. உண்மையான இழப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. காட்டுக்குள் மறைந்து தாக்கிய கூட்டங்களோடு ஆண்டுக்கணக்கில் மோதல். குண்டைவிடக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கொன்றவர்களே அதிகம். ஆகவே 'பர்மாவில் இறந்தார்' என்பதை 'சண்டையில் விழுந்தார்' என்று நீங்களாக மாற்றி எழுதிக்கொள்ளாதீர்கள். இந்த இடத்தில்தான் குடும்ப வரலாறுகள் அதிகம் சறுக்குகின்றன.

இனி விளிம்பு. ஜன்னல் வெளிச்சத்தில் மெடலைச் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் சுற்றிவரப் படியுங்கள். படை எண், பதவி, பெயர், பிரிவு என்று ஆங்கிலச் சுருக்கங்களாக ஓடும். சாய்ந்த கையெழுத்துபோலச் செதுக்கியிருந்தாலும் சரி, அச்சுக் குத்தியிருந்தாலும் சரி, இரண்டுமே அக்கால வழக்கம்தான். சந்தேகப்பட வேண்டியது வேறொன்றை: எழுத்து இருக்கும் இடம் மட்டும் பள்ளமாக இருக்கிறதா? வெர்னியர் காலிப்பரில் பல திசைகளில் அளந்தால் 36 மில்லிமீட்டருக்குக் குறைகிறதா? அப்படியென்றால் பழைய பெயரை அராவி எடுத்துவிட்டு யாரோ புதுப்பெயர் வெட்டியிருக்கலாம். வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் இதே மெடல் கிடைத்தால் அது தூக்குக்கூலி, தண்ணீர் சுமப்பவர் போன்ற படைப் பணியாளருடையது. பலர் அதை மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அது கூடுதல் மதிப்புள்ளதாகவே படுகிறது. அவர்களைப் பற்றி வேறு எந்தத் தாளும் பெரும்பாலும் மிஞ்சவில்லை.

பெயரைத் தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது அது; முனுசாமி மூணேசாமி ஆகியிருப்பார், முத்து மூட்டு ஆகியிருப்பார். படை எண்ணும் பிரிவும்தான் உறுதியான பிடி. பிரிவிலும் ஒரு சிக்கல் உண்டு. 1903 மறுசீரமைப்பில் மதராஸ் ரெஜிமெண்டுகளின் எண்ணோடு 60 கூட்டப்பட்டது: 3-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரி 63 ஆனது. 10-ஆம் மதராஸ் ரெஜிமெண்டோ அதற்கு முன்பே உருமாறி, இன்று 10-ஆம் கூர்க்கா ரைஃபிள்ஸ் வரலாற்றில் கிடக்கிறது. 1885-ல் என்ன பெயரோ அந்தப் பெயரில் தேடுங்கள்.

எங்கே தேடுவது? மெடல் பெற்றவர்களின் பட்டியல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. எண், பதவி, பெயர், பிரிவு நான்கையும் எழுதி நகல் கேளுங்கள். சில பட்டியல்களில் இறந்தவர் பெயருக்கு எதிரே குறிப்பு இருக்கும். அவர் பர்மாவில் இறந்தாரா என்பதற்கு விடை அங்கே கிடைக்க வாய்ப்புண்டு. விளிம்பில் சாப்பர்ஸ் (படையின் பொறியியல் பிரிவினர்) என்று இருந்தால் பெங்களூரிலுள்ள மதராஸ் எஞ்சினியர் குரூப் மையத்துக்கும் எழுதுங்கள். 'தம்பிகள்' என்று அழைக்கப்படும் அந்த மதராஸ் சாப்பர்களின் வரலாற்றை அவர்கள் அக்கறையோடு காக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அது இரண்டு உலகப் போர்களுக்கு மட்டுமானது.

வெளிநாட்டு விற்பனை யோசனையைக் கைவிடுங்கள். நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருள், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டத்தின் கீழ் வரும். தனியார் அதை ஏற்றுமதி செய்வது குற்றம். தபாலில் சின்ன உறையாக அனுப்பினாலும் ஏற்றுமதிதான். உள்நாட்டில் கொடுப்பதானாலும் தொல்பொருள் விற்க உரிமம் பெற்ற வியாபாரியிடம் மட்டும் பேசுங்கள்.

மெடலுக்குச் சட்டம் அடிக்கலாம், ஆனால் அதைப் பசையாலோ ஆணியாலோ பொருத்தாதீர்கள். கம்பளித் துணி, ரப்பர் வளையம், பிவிசி உறை மூன்றும் பக்கத்தில் வரக் கூடாது. முதல் இரண்டும் கந்தகம் விடும், மூன்றாவது நாளடைவில் அமில ஆவி கக்கும். அமிலமில்லாத தாளில் சுற்றி வைப்பது போதும். நைந்த நாடாவை எறியாமல் தனி உறையில் போட்டு வையுங்கள். சுவரில் மாட்ட ஆசையென்றால் மெடலின் இரு பக்கத்தையும் விளிம்பையும் தெளிவாகப் படமெடுத்துப் படத்தை மாட்டுங்கள்; அதே படங்களைத்தான் லண்டனுக்கும் பெங்களூருக்கும் அனுப்ப வேண்டியிருக்கும்.