எரிந்த ஈச்சம்புதரைத் தோண்டிவிடலாமா?

கேள்வி: கோத்தகிரிக்குக் கீழே சரிவில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பட்டா நிலம். பெரும்பகுதி புல், நடுநடுவே குட்டை ஈச்சம்புதர்கள். மார்ச் மாதம் பக்கத்துச் சரிவிலிருந்து வந்த தீ எல்லாவற்றையும் கரியாக்கிவிட்டது. புதர்களைத் தோண்டிப் போட்டுவிட்டு வேறு ஏதாவது வைக்கலாம் என்கிறான் மகன். ‘வருஷா வருஷம் எரிச்சாத்தான் ஈஞ்சு நல்லாக் காய்க்கும், விட்டுடு’ என்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். யார் சொல்வதைக் கேட்பது? பழத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: தோண்டவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்.

உங்கள் சரிவில் இருப்பது அநேகமாக ஃபீனிக்ஸ் லூரேரி என்ற குட்டை ஈச்சை. சமவெளியில் உயர்ந்து நிற்கும் ஈச்சமரம், கடலோரப் பக்கத்துச் சிற்றீச்சை, கடையில் வாங்கும் பேரீச்சை எல்லாம் இதற்குப் பங்காளிகள். இது மட்டும் இமயமலை அடிவாரத்திலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை வரை, தீ அடிக்கடி வந்துபோகும் புல்வெளியிலும் அடர்த்தியில்லாத காட்டிலும் குடியிருக்கப் பழகிய இனம்.

முதலில் செடிக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். கருகிய மட்டைகளை ஒதுக்கிவிட்டு நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். அசையாமல் நின்றால் கவலையில்லை. கையோடு வந்து அடிநுனி அழுகி நாறினால் அந்தத் தண்டு போய்விட்டது. அப்போதும் அவசரப்படாதீர்கள். பக்கக்கன்று விட்டுக் கூட்டமாக வளரும் செடி இது, ஒரு தண்டு போனாலும் தூர் மிஞ்சும். ஒரு மழைக்காலம் முழுவதும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிழைத்திருக்கும் என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. மாமரத்துக்கு உயிரோட்டம் பட்டையை ஒட்டி ஒரு மெல்லிய வளையமாக ஓடுகிறது. அது சுற்றிலும் வெந்தால் மரம் பட்டுவிடும். பனைக் குடும்பத்தில் அந்த வளையமே கிடையாது. நீரும் சத்தும் போகும் நார்க்குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, வெளிப்புறம் கருகினாலும் உள்ளே வேலை நடக்கும். வளரும் முனையோ பழைய மட்டைகளின் அடிப்பாகம் கவசம்போல் மூடியிருக்க, மண்ணை ஒட்டியோ மண்ணுக்குள்ளோ பதுங்கியிருக்கிறது. புல்லில் ஓடும் தீ ஓரிடத்தில் நின்று எரிவதில்லை, அதனால் சில விரல்கடை ஆழத்தில் மண் பெரிதாகச் சுடுவதில்லை. மறுபடி இலை விடுவதற்கான மாவுச்சத்து தண்டுக்குள் சேமிப்பில் இருக்கும். சிற்றீச்சையின் தண்டுச் சோற்றிலிருந்து பஞ்சகாலத்தில் மக்கள் மாவு எடுத்துத் தின்றதை, சோழமண்டலக் கரையில் செடிகளை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க் பதிவு செய்திருக்கிறார்.

விதை முளைப்பதும் இதே போக்குதான். கொட்டையிலிருந்து கிளம்பும் காம்பு மேலே வராமல் நேரே மண்ணுக்குள் இறங்கி, முளையைக் கீழே கொண்டுபோய் வைக்கிறது. அங்கிருந்துதான் முதல் இலை எழும்பும். அது ஈச்சை மட்டைபோல் இருக்காது. தடித்த ஒற்றைப் புல் இதழ் மாதிரி விறைப்பாக நிற்கும். களை எடுக்கிறவர்கள் கையில் முதலில் மாட்டுவது இதுதான், சொல்லி வையுங்கள்.

இனி பெரியவர் சொன்னது. தீ புல்லையும் புதரையும் தள்ளிவிடுவதால் வெளிச்சம் கிடைக்கிறது, சாம்பல் உரமாகிறது, புது மட்டைகள் பளிச்சென்று வருகின்றன. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் தீயைத் தாங்குவது வேறு, தீ வேண்டியிருப்பது வேறு. ஒவ்வொரு முறை எரியும்போதும் செடி சேமிப்பைக் கரைத்து இலை விடுகிறது. வருஷந்தோறும் எரித்தால் காய்க்க மிஞ்சுவது குறையும். சின்ன நாற்றுகள் வேர்பிடிக்கும் முன்பே போய்விடும். பழைய தூர்கள் மட்டும் நிற்கும், அடுத்த தலைமுறை இருக்காது.

மலைச்சனங்களின் தீ வைக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன மலையில் சோளிகர்கள், சருகு முழுக்கக் காய்ந்து போவதற்கு முன்பே தாழ்வான தீ வைத்து வந்தார்கள். ‘தரகு பெங்கி’ என்பார்கள். அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்கள் வாதம், எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. அது ஊர்கூடிச் செய்த வேலை. உச்சிக் கோடையில் ஒருவர் தீப்பெட்டியோடு போவது அந்தக் கணக்கில் வராது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைச் சூழ்ந்ததும் புல் சரிவில் ஏறிய தீதான். பட்டா நிலத்தில் வைத்த தீயானாலும் காப்புக்காட்டுக்கு ஆபத்தாகும்படி இருந்தால் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்.

தீ செய்த வேலையில் நல்லதை மட்டும் நீங்கள் கையாலேயே செய்யலாம். உண்ணிச்செடி மழைக்குப் பிறகு குபுகுபுவென்று வரும். மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். வெட்டி விட்டால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். எரிந்த இடத்தில் வரும் புதுத் துளிரை மாடு ஆடு தேடி வந்து மேயும். இந்த ஒரு மழைக்காலமாவது மேய்ச்சலைத் தடுங்கள். துடைப்பத்துக்கு மட்டை கேட்டு வருகிறவர்களுக்கும் இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அடுத்த வருஷம் வெட்டினாலும் நடுக்குருத்தையும் அதைச் சுற்றிய இளம் மட்டைகளையும் தொடக்கூடாது. ஈச்சங்குருத்து இனிக்கும் என்று பிடுங்கித் தின்னும் பிள்ளைகள் உண்டு. தீ கொல்லாத தண்டை அது கொன்றுவிடும், ஏனென்றால் தண்டுக்கு வளரும் முனை ஒன்றுதான்.

காய்ப்பு வராவிட்டால் எரிப்பைத் தேடாமல் பூவைப் பாருங்கள். ஈச்சையில் ஆண் தனி, பெண் தனி. ஆண் பாளை வெளிறிய நிறத்தில் நெருக்கமாகப் பூத்து, தட்டினால் மாவாய்த் தூள் உதிரும். பெண் பூ சின்ன மணிபோல் உருண்டையாக இருக்கும். காய்க்காத புதர் என்று ஆணை எல்லாம் அகற்றிவிட்டால் பெண்ணும் காய்க்காது. பக்கத்தில் ஆண் குறைவாக இருந்தால், பூத்த ஆண் பாளைக் கிளை ஒன்றை ஒடித்துப் பெண் பாளைமேல் காலையில் உதறுங்கள். பேரீச்சை வளர்ப்பவர்களின் பழைய முறை இது.

பழத்தைப் பிள்ளைகள் தாராளமாகத் தின்னலாம். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போது நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, கறுத்த பிறகுதான் இனிப்பு. சதை மெல்லிய தோல் அளவுதான், மிச்சமெல்லாம் கொட்டை. ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கொட்டை தொண்டையில் சிக்கலாம், சதையை மட்டும் உரித்துக் கொடுங்கள். கரடிக்கும் ஈச்சம்பழம் பிரியம். உங்கள் பக்கம் கரடி நடமாட்டம் உண்டு, விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் பறிக்கப் போகவேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கேரளப் பக்கம் ஈந்து என்று வேறொரு செடியைச் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சைக்கஸ் அது. தூரத்தில் பார்த்தால் ஈச்சை மாதிரியே தெரியும். அதன் விதை பச்சையாகத் தின்றால் நஞ்சு. ஈச்சையின் சிற்றிலை நடுவில் நீளவாக்கில் மேல்நோக்கி மடிந்து வாய்க்கால்போல் இருக்கும், மட்டையின் அடியில் சிற்றிலைகளே முள்ளாகியிருக்கும். சைக்கஸின் சிற்றிலை தட்டையாக, நடுவில் ஒரே நரம்போடு இருக்கும். சின்னப் பழங்கள் குலையாகத் தொங்காது, பெரிய விதைகள்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு மட்டையை வெட்டி எடுத்துப்போய்ப் பக்கத்திலுள்ள தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டிவிட்டுப் பிறகு பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.