முடி ஊசிக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: வயது 29. தென்காசிக்காரன், பெங்களூரு மாரத்தஹள்ளியில் வேலை. இரண்டு வருடமாக நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. உச்சியிலும் தோல் தெரிகிறது. தை மாதம் திருமணம். ஒரு கிளினிக்கில் பி.ஆர்.பி. ஊசி (நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்துத் தலையில் போடுவது) ஆறு தடவைக்கு 48,000 ரூபாய், இந்த வாரமே மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். அம்மாவோ, "எல்லாம் அந்த ஊர் போர் தண்ணீர்" என்கிறார். என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: தம்பி, பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள்.

அல்சூரில் என்னிடம் வரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலரும் டேங்கர் தண்ணீரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரில் முடி சொரசொரக்கும், சிக்கு விழும், நுனி உடையும். வேர் சிறுத்துப் போகாது. நீங்கள் சொல்லும் இடங்களைப் பார்த்தால் இது பரம்பரை வழுக்கையாகத்தான் தோன்றுகிறது. டி.எச்.டி. என்ற ஹார்மோனால் அந்த இடத்து வேர்கள் சிறுத்து, முளைக்கும் முடி ஒவ்வொரு தடவையும் மெலிந்து, கடைசியில் பூனைமுடியாகிவிடும். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பை உச்சியில் வைத்துப் பார்த்தால் தடித்த முடிக்குப் பக்கத்திலேயே பூனைமுடி நிற்பது தெரியும். பின்னந்தலையில் பெரும்பாலும் அப்படி இருக்காது. இந்தப் பரிசோதனையை உங்களுக்கு யாராவது செய்தார்களா? கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. தலையைப் பார்க்கும் முன்பே விலை சொல்லியிருந்தால், அதுதான் எனக்குக் கோபம்.

ஊசி ஏமாற்று வேலை இல்லை. நானும் போடுகிறேன். கையிலிருந்து ஏறக்குறைய 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க சிட்ரேட் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவோம். குழாயை வெளியே எடுத்தால் அடியில் சிவப்பணுக்கள், நடுவில் நூல் கனத்தில் வெளுத்த படலம், மேலே மஞ்சள் பிளாஸ்மா. அந்தப் படலத்தை ஒட்டித்தான் தட்டணுக்கள் (பிளேட்லெட்) திரண்டிருக்கும். அதை உறிஞ்சி எடுத்து, மெல்லிய ஊசியால் தலையில் பரவலாகச் செலுத்துவோம். தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் வேரைத் தூண்டுகின்றன. பலருக்கு முடி ஓரளவு அடர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், அவற்றிலும் ஆளுக்கொரு செய்முறை. வழுவழுப்பாகிவிட்ட இடத்தில் இது முளைக்க வைக்காது. டி.எச்.டி.யையும் தடுக்காது.

டி.எச்.டி.யைக் குறைப்பது ஃபினாஸ்டிரைடு மாத்திரை. ஆண்களின் வழுக்கைக்கு அமெரிக்காவில் 1997இலேயே அனுமதி கிடைத்தது. தினம் 1 மி.கி. சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம், மனச்சோர்வு வரலாம். திருமணம் நெருங்கும் நேரம், கூச்சப்படாமல் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். முடி வளரத் தலையில் தடவும் மருந்து மினாக்சிடில். அதைத் தடவத் தொடங்கியதும் சில வாரம் முடி கூடுதலாகக் கொட்டலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். இவற்றுக்குத் துணையாக ஊசி போடலாம். வழக்கமாக மாதம் ஒன்றாக மூன்று. பிறகு பலனைப் பார்த்துத்தான் மேற்கொண்டு. ஆறுக்கும் இப்போதே எதற்குப் பணம்?

போடுவதாக இருந்தால், ஊசியும் குழாயும் உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். குழாயில் உங்கள் பெயர் எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், உரிமமில்லாத அழகு நிலையம் ஒன்றில் முகத்துக்கு இதே பிளாஸ்மா சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் அங்கே சமையலறை ஃபிரிட்ஜில் சாப்பாட்டோடு இருந்தன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், தட்டணு குறைவாக உள்ளவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே இந்த ஊசியைப் பற்றி நினைக்க வேண்டும்.

பலன் கண்ணுக்குத் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம். தைக்குள் அடர்ந்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். உங்களைப் பார்த்துச் சம்மதித்த பெண், இந்தத் தலையைப் பார்த்துத்தான் சம்மதித்திருக்கிறார்.

கேள்வி: மகளுக்கு (19) டெங்கு வந்து இரண்டரை மாதம் ஆகிறது. சீப்பு நிறைய முடி வருகிறது. அவளுக்கும் இந்த ஊசி போடலாமா? — ஒரு தாய், ஜாலஹள்ளி

பதில்: வேண்டாம் அம்மா. கடும் காய்ச்சலுக்கு இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி இப்படிக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்று, திரும்ப முளைத்துவிடும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சத்து இருப்பு), தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். நடு வகிடு அகன்றுகொண்டே போனால் மட்டும் அழைத்து வாருங்கள்.