பிஸ்டல் பிடி கைக்குப் பெரிதாக இருக்கிறது, கட்டைவிரல் வலிக்கிறது: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். என் மகளுக்கு 14 வயது. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வாங்கியதைப் பார்த்துவிட்டு, பிஸ்டல் சுடக் கற்றே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சில மாதங்களாக ஒரு பயிற்சி மையத்துக்குப் போய் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். அங்கே எல்லாரும் மாற்றி மாற்றி எடுக்கும் துப்பாக்கி இவள் கைக்குப் பெரிதாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் கட்டைவிரல் அடியில் வலி வந்துவிடுகிறது. சொந்தமாக வாங்கலாம் என்று பார்த்தால், "வளரும் பிள்ளை, மீடியம் பிடியே வாங்குங்கள்" என்கிறார் ஒருவர். மனு வைத்திருக்கும் கம்பெனிதான் வேண்டும் என்கிறாள் மகள். நாங்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? லைசென்ஸ் தேவையா?

பதில்: அம்மா, முதலில் ஒன்று. வலி தொடரும்போது அந்தத் துப்பாக்கியை வைத்துப் பயிற்சியை நீட்டாதீர்கள். 14 வயதுக் கை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பயிற்சியாளரிடம் சொல்லி, வலி அடங்கும்வரை நிற்கும் முறை, மூச்சுப் பயிற்சி இவற்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். விரலில் மரத்துப்போகும் உணர்வு இருந்தாலோ, வலி ஓய்விலும் போகாவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சுட்டுப் பழகினால் வலி போய்விடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

வலிக்கு நான் யூகிக்கும் காரணம் இதுதான். பிடி தடிமனாக இருந்தால் சின்னக் கையில் ஆள்காட்டி விரல் ட்ரிகருக்கு எட்டாது. எட்டவைக்கப் பிள்ளை என்ன செய்யும்? கையைப் பிடியைச் சுற்றி முன்னால் திருப்பிக்கொள்ளும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வழியாகக் குழல்வரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டியது அப்போது மணிக்கட்டில் ஒடிகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவட்டை தாங்க வேண்டிய எடை கட்டைவிரலின் அடிமூட்டுக்கு மாறுகிறது. ஏர் பிஸ்டல் ஏறத்தாழ ஒரு கிலோ எடை. ஒரு போட்டியில் 60 குண்டுகள், 75 நிமிடம். 60 தடவை கை நீட்டித் தூக்கும் எடை முழுவதும் தவறான மூட்டில் இறங்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? நழுவிவிடுமோ என்ற பயத்தில் கட்டைவிரலால் இறுக்கவும் செய்வாள். அது வலியை இன்னும் கூட்டும்.

பொருந்தாத பிடி மதிப்பெண்ணையும் தின்னும். குறிபார்க்கக் குழலின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் உறுப்புகளைச் சைட் என்பார்கள்; முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி சுமார் 32 சென்டிமீட்டர். கை முழுவதும் 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடினாலும், இரண்டு சைட்டும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தால் குண்டு 10 மீட்டரில் அதே 5 மில்லிமீட்டர்தான் விலகும். இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் என்பதால் அது பத்திலேயே விழும். ஆனால் மணிக்கட்டு திரும்பி, முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் 1 மில்லிமீட்டர் தள்ளி நின்றால், 10 மீட்டரில் அது 31 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. பத்துக்குப் போக வேண்டிய குண்டு ஏழுக்குப் போகும். கை ஆடுவதைக் கண்டு பிள்ளைகள் அழுகிறார்கள், பெற்றோரும் கவலைப்படுகிறார்கள். கை எல்லாருக்கும் ஆடும், உலகச் சாம்பியனுக்கும் ஆடும். ஆடும் கையில் சைட்டுகள் கோணாமல் நிற்க வேண்டும். அந்த வேலையைப் பிடி செய்ய வேண்டும்.

அதனால் என் கருத்து இது: பிடியைப் பார்த்து வாங்குங்கள், கம்பெனி பெயரைக் கடைசியில் பாருங்கள். ஸ்டெயர், மொரீனி, வால்தர், ஃபெய்ன்வெர்க்பாவ், பர்தீனி எல்லாமே சர்வதேசப் போட்டிகளில் சுடப்படும் துப்பாக்கிகள். எந்திரத்தின் துல்லியத்தில் உங்கள் மகளின் இன்றைய நிலைக்கு உணரக்கூடிய வித்தியாசம் கிடையாது. கையில் எடுத்ததும் எது அடங்குகிறது என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு கம்பெனியின் ஸ்மால் இன்னொன்றின் ஸ்மாலைப் போல இருக்காது. மனுவின் பிடி மனுவின் கைக்குச் சரிசெய்யப்பட்டது. அதே மாடலை வாங்கினாலும் அந்தப் பிடி பெட்டியில் வராது. மகளிடம் இதை இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.

பொருத்தம் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதைப் பயிற்சியாளர் திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும். குழல் எப்போதும் இலக்குப் பக்கமே பார்க்கட்டும். இடக்கையால் குழலைப் பிடித்து, பிடியை வலக்கையின் கவட்டைக்குள் எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றி அழுத்துங்கள். பிறகு நடுவிரலையும் மோதிரவிரலையும் சுற்றுங்கள். துப்பாக்கியைத் தாங்குவது இந்த இரண்டு விரல்கள்தான். சுண்டுவிரல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும், கட்டைவிரல் அழுத்தாமல் ஓய்வாக இருக்க வேண்டும். இப்போது ஆள்காட்டி விரலைப் பாருங்கள். முதல் கணுவின் சதைப்பகுதி ட்ரிகர் மேல் படிய வேண்டும். விரலின் மீதிப் பகுதிக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். விரல் மரத்தில் உரசினால், ட்ரிகரை இழுக்கும்போது துப்பாக்கியையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

விரல் நுனிதான் எட்டுகிறதென்றால், முதலில் ட்ரிகரைப் பின்னுக்கு நகர்த்திப் பாருங்கள். போட்டித் துப்பாக்கிகளில் அது முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் நகரும், பக்கவாட்டிலும் திரும்பும். முழுக்கப் பின்னால் நகர்த்திய பிறகும் எட்டாவிட்டால் அந்தப் பிடி அவளுக்கு ஆகாது. வேறு எதைச் சரிசெய்தாலும் பயனில்லை, கீழே வைத்துவிடுங்கள்.

எட்டினால் அடுத்து கண்ணை மூடிச் செய்யும் சோதனை. சுடும் நிலையில் நின்று, இலக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக் கையைத் தூக்கி, இரண்டு மூச்சு நேரம் நிலைக்கவிட்டு, கண்ணைத் திறக்க வேண்டும். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக வந்து நிற்கிறதா? நின்றால் பிடி கையோடு ஒத்துப்போகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் பிடியில் வேலை இருக்கிறது. தடவைக்கு ஒரு பக்கம் ஒதுங்கினால் அவள் இன்னும் ஒரே மாதிரி பிடிக்கப் பழகவில்லை. அப்போது துப்பாக்கி வாங்க அவசரமே வேண்டாம். இந்தச் சோதனையை ஒரே நாளில் முடிக்காதீர்கள். களைத்த கையிலும் புதிய கையிலும், வேறு வேறு நாளில் செய்ய வேண்டும். ஒதுங்கும் சைட்டைப் பின் சைட்டின் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தத் திருகு குண்டு விழும் இடத்தை மாற்றும், கோணிய மணிக்கட்டை நேராக்காது.

சைஸ் பற்றி. வளரும் பிள்ளை என்று பள்ளி ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் பழக்கம் இங்கே உதவாது. பிடியைத் தனியாக வாங்கி மாற்றலாம். இன்றைக்குப் பொருந்தும் ஸ்மாலோடு துப்பாக்கியை வாங்கி, கை வளர்ந்த பிறகு பிடியை மட்டும் மாற்றுங்கள். தவிர, கொஞ்சம் சின்னதான பிடியில் புட்டி பூசிப் பெரிதாக்கலாம். பெரிய பிடியைச் சீவிச் சின்னதாக்க ஓர் எல்லை உண்டு, உள்ளே துப்பாக்கியின் உலோகச் சட்டம் இருக்கிறது. ஸ்மாலும் பெரிதாக இருந்தால் எக்ஸ்ட்ரா ஸ்மால் செய்யும் கம்பெனிகள் உண்டு. எடை தாங்காத பிள்ளைகளுக்காக அதே மாடலைக் குட்டைக் குழலோடு செய்வதும் உண்டு. தூக்கும்போதே தோள் உயர்கிறதென்றால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

வாங்கிய பிடி அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடையில் வரும் பிடி பாதி வேலைதான். மீதியை நாம் செய்ய வேண்டும். அந்த வேலையில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. உள்ளங்கையில் டால்கம் பவுடரை மெல்லப் பூசி, பிடியைப் பிடித்து எடுங்கள். கருத்த வால்நட் மரத்தில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறது, எங்கே இல்லை என்று தெரியும். அழுத்தமாக ஒட்டிய இடம் கையைக் குத்துகிறது. ஒட்டாத இடம் வெற்றிடம், அங்கே துப்பாக்கி அசையும். வெற்றிடத்தில் முதலில் துணி டேப்பையோ பிள்ளைகள் விளையாடும் களிமண்ணையோ வைத்துச் சில நாள் சுடட்டும். அது சரி என்று தெரிந்த பிறகு, இரண்டு பாகம் கலக்கும் மரப் புட்டியை அதே அளவுக்குப் பூசுங்கள். எம்-சீல் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், பிடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் காய்ந்தால் கல்லாகிவிடும், அரம் போட்டுத் தேய்க்கக் கை நோகும். குத்தும் இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள், அரத்தை அவசரமாக எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஓர் இடத்தில் மட்டும் கை வையுங்கள். இரண்டு இடத்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

முன் சைட் எப்போதும் இடப்பக்கம் ஒதுங்கினால், பிடிக்கும் உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே கோணத்தை மாற்றும் திருகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல மாடல்களில் உண்டு, புட்டியே தேவைப்படாது. இல்லாவிட்டால், வலக்கைக்காரருக்கு உள்ளங்கையின் அடிப்பகுதி தொடும் வலப்புறப் பின்பக்கத்தில் மெல்லிய பட்டை ஒன்று சேர்த்தால் குழல் வலப்பக்கம் திரும்பும்.

கையின் கீழ்விளிம்பைத் தாங்கும் பாம் ஷெல்ஃபைக் கடைசியாகச் சரிசெய்யுங்கள். புதியவர்கள் அதை மேலே ஏற்றிக் கையை இறுக்கிக்கொள்கிறார்கள், கெட்டியாக இருப்பது போலத் தோன்றும். இரத்த ஓட்டம் தடைப்பட்டு, அரை மணியில் விரல் நடுங்கத் தொடங்கும். கைக்கும் ஷெல்ஃபுக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்து வர வேண்டும், அதுதான் அளவு. இங்கே தில்லியின் பருவத்தையும் கணக்கில் எடுங்கள். மே, ஜூன் வெயிலில் கை உப்பும், வியர்க்கும். ஜனவரிக் குளிரில் விரல்கள் சுருங்கி விறைக்கும். துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் ஜூனில் சரியாக இருந்த ஷெல்ஃப் ஜனவரியில் தொளதொளவென்று இருப்பது சகஜம். ஷெல்ஃபின் இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்தால், பருவத்துக்கு ஒரு குறியாக மாற்றிக்கொள்ளலாம். புட்டி வேலையைக் கோடையில் முடித்துவிடாமல், அக்டோபர் வாக்கில் மிதமான பருவத்தில் செய்வது நல்லது.

சர்வதேச விதிகளும் பிடியைக் கட்டுப்படுத்துகின்றன. ஏர் பிஸ்டல் 1500 கிராமுக்கு மேல் போகக் கூடாது, ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். முழுத் துப்பாக்கியும் 420-க்கு 200-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். புட்டி பூசிப் பூசி 50-ஐத் தாண்டிவிடும் பிள்ளைகள் உண்டு, அளந்துகொள்ளுங்கள். பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. சுடும் கையில் கைக்கடிகாரமோ வளையலோ கூடாது. மலை மந்திரில் கட்டிய கயிறு வலக்கையில் இருந்தால் இடக்கைக்கு மாற்றிவிடுங்கள், போட்டி நாளில் பேச்சுக்கு இடம் வேண்டாம்.

லைசென்ஸ் பற்றி: 2016 ஆயுத விதிகளின்படி, துளை 0.177 அங்குலத்துக்கும், குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் சுமார் 6 ஜூல்தான். உங்கள் பெயரில் பில் போட்டு, அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்குங்கள். வீட்டில் பூட்டிய பெட்டியில் வையுங்கள். பின்னால் அவள் 25 மீட்டர் .22 பிஸ்டலுக்குப் போனால் அது வெடிமருந்துத் துப்பாக்கி, உரிமம் வேண்டும், சட்டமும் வேறு.

புதிது வாங்க வசதிப்படாவிட்டால் பழையது வாங்கத் தயங்க வேண்டாம். முதல் துப்பாக்கிக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். மிச்சமாகும் பணத்தில் சரியான பிடி ஒன்றை வாங்கலாம். முன்னவர் புட்டி பூசிய பிடி அவர் கைக்கானது என்பதால் அதற்கு விலை கொடுக்காதீர்கள். குண்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். சிலிண்டருக்குக் கம்பெனிகள் பொதுவாக 10 வருட ஆயுள் தருகின்றன. அது முடிந்திருந்தால் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.