பட்டறை வழக்கு இரண்டு, வழக்கறிஞர் ஒருவர் போதுமா?

கேள்வி: கோவை கணபதியில் நானும் என் மைத்துனரும் கூட்டாகப் பம்ப்செட் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை நடத்துகிறோம். 18 பேர் வேலை செய்கிறார்கள். ஏழு ஆண்டுகளாக லேத் ஓட்டிய ஒருவர் சூப்பர்வைசரோடு சண்டை போட்டதால், 2025 செப்டம்பரில் அவரை நிறுத்திவிட்டோம். இப்போது தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்திலிருந்து விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. இதற்கிடையே எங்கள் விற்பனை மேலாளர் வாடிக்கையாளர் பட்டியலோடு போட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். பத்திரப்பதிவு முதல் பங்காளி ஒப்பந்தம் வரை எங்களுக்குச் செய்து கொடுத்த குடும்ப வழக்கறிஞர், "அவராகவே வேலைக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம், இரண்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். மைத்துனரோ இணையத்தில் 'சிறந்த பத்து வழக்கறிஞர்கள்' பட்டியலில் பார்த்த ஒருவரிடம் போகலாம் என்கிறார். யாரிடம் போவது?

பதில்: தங்கள் குடும்ப வழக்கறிஞரின் நேர்மையையோ திறமையையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஒற்றை வரியே, தொழிலாளர் வழக்குக்கு வேறொருவரை நாட வேண்டும் என்பதைக் காட்டிவிடுகிறது. "அவராகவே வரவில்லை" என்று எழுதுவதற்கு முன், தொழிலாளர் சட்டத்தில் பழகியவர் முதலில் கேட்பது தங்கள் சூப்பர்வைசரின் கைப்பேசியைத்தான். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அதில் இருந்தால், தாங்கள் எழுதிக் கொடுத்த பதில் முதல் நாளிலேயே பொய்யாகிவிடும். அதன் பிறகு "சண்டை போட்டார், அதனால்தான் நிறுத்தினோம்" என்ற உண்மையான காரணத்தைச் சொன்னாலும் நீதிமன்றம் அதைச் சந்தேகத்துடனேயே பார்க்கும். கைப்பேசிக்கு அடுத்து வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, பி.எஃப். கணக்கில் அவர் விலகியதாகக் காட்டிய தேதி, எச்சரிக்கைக் கடிதம் ஏதேனும் கொடுத்திருந்தால் அதன் நகல் ஆகியவற்றைக் கேட்பார். இவற்றைக் கேட்காமலேயே பதில் எழுதத் தொடங்குபவரிடம் இந்த வழக்கைக் கொடுக்க வேண்டாம்.

தாங்கள் அறிந்திராத இன்னொரு செய்தியும் இதில் உண்டு. சமரச அலுவலர் முன் வழக்கறிஞர் ஆஜராக, தாங்கள் அவரை நிறுத்தியபோது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் இடம் தரவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் இருந்தால் மட்டுமே அவர் வாதாட முடியும். நடைமுறையில் இரு தரப்பிலும் வழக்கறிஞர்களே நிற்பதைப் பார்க்கிறோம் என்றாலும், சமரசக் கட்டத்தில் மேசைக்கு எதிரே உட்காரப் போவது தாங்களோ, தங்கள் மேலாளரோ, தாங்கள் உறுப்பினராக இருக்கும் தொழில்முனைவோர் சங்கத்தின் பொறுப்பாளரோதான். ஆகவே, "வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள், நான் போய்க்கொள்கிறேன்" என்று சமரச விசாரணைக்கே ஒருவர் சொன்னால், அவர் அந்த அலுவலகப் படியேறியதில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

சமரசம் முறிந்து வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனால், இதைவிட நுட்பமான இடம் ஒன்று வரும். தாங்கள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை (சார்ஜ் மெமோ) கொடுத்து உள் விசாரணை நடத்தவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அப்படியிருந்தும், அவர் செய்த தவறை நீதிமன்றத்திலேயே சாட்சியம் வைத்து நிரூபிக்க நிர்வாகத்துக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வாய்ப்பு வேண்டும் என்பதை எதிருரையிலேயே, அதாவது நீதிமன்றத்தில் தாங்கள் எழுதித் தாக்கல் செய்யும் பதிலிலேயே, கேட்டுவிட வேண்டும். 2001இல் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்த நிலையை உறுதி செய்திருக்கிறது. உரிமையியல் வழக்குகளில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரும் அந்த ஒரு பத்தியை எழுத மறந்தால், வழக்கின் முதுகெலும்பு அங்கேயே முறிந்துவிடும். ஆகவே முதல் சந்திப்பிலேயே, "நாங்கள் உள் விசாரணை நடத்தவில்லை, இப்போது என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்திருப்பதால், செப்டம்பரில் நடந்த இந்தப் பணிநீக்கத்துக்குப் பழைய சட்டமா புதிய தொகுப்பா என்பதையும் கேளுங்கள். இரண்டிலும் காலவரம்புகள் ஒன்றல்ல. சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன் என்பவர் கூடப் பரவாயில்லை. யோசிக்காமல் "அதெல்லாம் ஒன்றுதான்" என்பவர் வேண்டாம்.

விற்பனை மேலாளர் விவகாரம் உரிமையியல் நீதிமன்றத்துக்குரியது. வேலையை விட்டு விலகிய பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று தாங்கள் எழுதி வாங்கியிருந்தாலும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி அந்த நிபந்தனை செல்லாது. ஆனால் வாடிக்கையாளர் பட்டியல், விலைப் பட்டியல், வரைபடங்கள் போன்ற இரகசியங்களைப் பயன்படுத்துவதற்குத் தடை கேட்க முடியும். தங்கள் பங்காளி நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா என்பதையும் பாருங்கள். பதிவு இல்லையென்றால், ஒப்பந்தத்தின் அடிப்படையில் வெளியார் மீது வழக்குப் போடும்போது 1932ஆம் ஆண்டின் இந்தியப் பங்காண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு குறுக்கே வரும். ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர் என்பதால், இந்த வழக்கைக் குடும்ப வழக்கறிஞரிடமே விடுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: தாங்களும் மைத்துனரும் முரண்பட்டு, அது பங்காளிச் சண்டையாக மாறினால், இருவருக்கும் ஆலோசனை சொன்ன அவர் ஒருவர் பக்கம் நிற்பது முறையாகாது.

இணையப் பட்டியலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையே தடுக்கின்றன. இணையதளங்கள் வழியே வழக்குப் பிடிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட பட்டியலில் முதலிடம் என்பது தகுதிக்குச் சான்று அல்ல. அதற்குப் பதிலாக, கோவை தொழிலாளர் நீதிமன்றத்துக்கு ஒரு நாள் காலையில் போய் பின்வரிசையில் உட்காருங்கள். நிர்வாகத் தரப்பில் தொடர்ந்து நிற்கும் இரண்டு மூன்று முகங்கள் தாமாகத் தெரியும். குறுக்கு விசாரணையில் தொழிலாளியிடம் எரிந்து விழுபவர், ஆவணத்தைக் காட்டி அமைதியாகக் கேட்பவர் என்ற வித்தியாசமும் தெரியும். இரண்டாமவரையே நான் தேர்ந்தெடுப்பேன். சமரசத்துக்கு வழி இருக்கும்போது அவரால் பேசவும் முடியும். அவரிடம் போகும் முன், அந்தத் தொழிலாளியோ அவருடைய சங்கமோ இதே விவகாரத்தில் அவரைக் கலந்து பேசியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கட்டணத்தைக் கட்டம் கட்டமாக எழுதி வாங்குங்கள்: பதில் தயாரிக்க இவ்வளவு, எதிருரைக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு என்று. "ஜெயித்தால் மிச்சமாகும் தொகையில் பங்கு கொடுங்கள்" என்று யாராவது கேட்டால் அது தொழில் நெறிக்கு மாறானது, எழுந்து வந்துவிடுங்கள். கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைத் திருப்பித் தராமல் நிறுத்தி வைக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது; ஆயினும் மூல ஆவணங்களைத் தாங்களே வைத்துக்கொண்டு நகல்களை மட்டும் கொடுங்கள். வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் மன்றத்தில் முறையிட முடியாது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டதால், இந்தக் கவனம் முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறது.

விசாரணைத் தேதிக்குள் வழக்கறிஞர் அமையவில்லையென்றால், அன்று கட்டாயம் நேரில் போய், பதில் தர ஒரு வாய்தா வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளில் "அவராகவே வரவில்லை" என்ற வரி இருக்கக் கூடாது.