பக்கத்துத் துறைக்கு நம் ஆய்வைச் சொல்வது எப்படி? – கேள்வி பதில்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் சிறு கல்லூரிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள், பல துறையினரும் ஒன்றாக அமர்ந்து ஆய்வைப் பகிர்ந்துகொள்ளும் மாதாந்திரக் கூட்டங்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பியிருந்தனர். தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு கல்லூரியில் இத்தகைய கூட்டத்தை நெடுங்காலம் நடத்திவந்த, ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் அவற்றுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி (கணிதத் துறை, அம்பாசமுத்திரம்): ஐயா, என் ஆய்வு கிராஃப் லேபிளிங்கில், அதாவது புள்ளிகளும் கோடுகளும் சேர்ந்த வடிவங்களுக்கு எண்ணிடுவதில். அடுத்த மாதம் நான் பேச வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். வரையறைகளைச் சொல்லி முடிப்பதற்குள் தமிழ்த் துறையும் வணிகவியல் துறையும் எழுந்து போய்விடும் என்று அஞ்சுகிறேன். என்ன செய்வது?

பதில்: வரையறையில் தொடங்கினால் போகத்தான் செய்வார்கள். எல்லோர் கையிலும் ஒரு தாளைக் கொடுங்கள். நான்கு புள்ளிகளை ஒரே வரிசையில் இட்டு, அடுத்தடுத்த புள்ளிகளைக் கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். 0, 1, 2, 3 என்ற எண்களைப் புள்ளிக்கு ஒன்றாக எழுத வேண்டும். ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளிலும் உள்ள எண்களின் வித்தியாசத்தை எடுத்தால் 1, 2, 3 ஆகிய மூன்றும் ஒருமுறை வர வேண்டும். சிறிது நேரத்தில் யாராவது 0, 3, 1, 2 என்று எழுதிக் காட்டுவார். பிறகு கிளைகள் உள்ள ஒரு வடிவத்தைக் கொடுங்கள். சுற்று இல்லாமல் கிளைத்துச் செல்லும் எந்த வடிவத்துக்கும் இப்படி எண்ணிட முடியும் என்ற ஊகம் 1960களிலிருந்து நிரூபணம் இல்லாமல் நிற்கிறது; 35 புள்ளிகள் வரையுள்ள எல்லா வடிவங்களையும் கணினி சரிபார்த்துவிட்டது, ஆனாலும் கணிதத்தார் அதைத் தேற்றம் என்று ஒப்புக்கொள்வதில்லை. இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். "இத்தனை சரிபார்த்த பிறகும் ஏன் ஏற்கவில்லை?" என்று வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் உங்கள் உரை. உங்கள் கட்டுரையில் உள்ள முடிவுகளைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சொன்னால் போதும்.

பொதுவாக எல்லோருக்கும் நான் சொல்வது இது: முடிந்த ஆய்வைக் கொண்டுவராதீர்கள், முடியாமல் நிற்கும் ஆய்வைக் கொண்டுவாருங்கள். முடிந்ததைக் கேட்பவர் கைதட்டலாம், அதற்குமேல் அவருக்கு வேலை இல்லை.

கேள்வி (ஒரு கல்லூரி முதல்வர், வள்ளியூர் வட்டாரம்): முதல் கூட்டத்துக்கு எல்லாத் துறையும் பங்கெடுக்கக்கூடிய பொருள் ஒன்றைச் சொல்லுங்கள். 'தேசிய வளர்ச்சியில் பல்துறை ஆய்வின் பங்கு' என்று வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தலைப்பில் எல்லோரும் பேசலாம், யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று, பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டதை நாடே பார்த்தது. உங்கள் கல்லூரி மாணவர் பலரின் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கும். ஆகவே பொருளை அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை.

புள்ளியியல் ஆசிரியர் 'நூறாண்டு வெள்ளம்' என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கட்டும். நூறாண்டுக்கு ஒருமுறை வரும், வந்துவிட்டால் அடுத்த நூறாண்டுக்குக் கவலை இல்லை என்றே பெரும்பாலோர், படித்தவர்கள் உட்பட, நினைக்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அப்படியானால், ஒருவர் முப்பது ஆண்டுக் கடனில் ஆற்றோரம் வீடு கட்டினால், கடன் முடிவதற்குள் அத்தகைய வெள்ளத்தை ஒருமுறையாவது காண்பதற்கு ஏறக்குறைய 26 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. இதைச் சொன்னவுடன் பொருளியல் ஆசிரியருக்கு வேலை வந்துவிடுகிறது: அந்த வீட்டுக்குக் கடன் கொடுத்த வங்கி இதைக் கணக்கில் எடுத்ததா, காப்பீடு இருந்ததா, குத்தகைக்கு வாழை போட்டவரின் இழப்பை யார் ஏற்றார்கள்?

அடுத்ததாக ஒரு சிக்கல் வரும். அளவுக் கருவிகளின் பதிவு சில பத்தாண்டுகளுக்குத்தான் கிடைக்கும். அரிதாக நிகழ்வதை மதிப்பிட அது போதாது. இங்கேதான் வரலாற்றுத் துறையும் வாய்மொழி வழக்காறு சேகரிக்கும் தமிழ்த் துறையும் தேவைப்படுகின்றன. திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெருவெள்ளத்தில் மூழ்கும், உற்சவரை முன்கூட்டியே மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். 1992 வெள்ளத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். "தண்ணீர் எதுவரை ஏறியது?" என்று கேட்டால் அவர்கள் அடிக்கணக்குச் சொல்லமாட்டார்கள்; மண்டபத்தின் இந்தப் படி, அந்தத் தூணின் சிற்பத்துக்கு முழங்கால் மட்டம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் படியின் உயரத்தைக் கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் கண்ணாடிக் குழாயைக் கொண்டே மாணவர்கள் அளந்துவிடலாம். ஒரே இடத்தைத் தனித்தனியாகக் கேட்கப்பட்ட பலர் காட்டினால், அது எண்ணாகிவிடுகிறது. புள்ளியியல் ஆசிரியர் தம் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ள முறையான வழிகள் உண்டு. நினைவில் எவ்வளவு பிழை இருக்கும் என்ற விவாதம் அன்று மாலை முழுவதும் நடக்கும், நடக்கட்டும்.

கேள்வி (வரலாற்றுத் துறை, ஸ்ரீவைகுண்டம்): எங்கள் கூட்டத்தில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆதாரம் என்ன?" என்று கேட்கிறார். கேட்கும் தொனி அவமதிப்பாக இருக்கிறது. சென்ற முறை தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வு பற்றிப் பேசும்போது வாக்குவாதமாகிவிட்டது.

பதில்: தொனிக்கு என்னிடம் மருந்து இல்லை. கேள்வியை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளுங்கள், அது நல்ல கேள்வி. சிவகளையையே பார்ப்போம். அங்கே முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதே ஊரில் இரும்புப் பயன்பாடு கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை வெளியானது. இந்த இரண்டு எண்களையும் ஒரே மூச்சில் சொல்லிச் செல்வது நம் வழக்கம். இயற்பியல் ஆசிரியர் கேட்க வேண்டியது, "எந்தப் பொருளை அளந்தார்கள்?" என்பது.

கரிமக் காலக்கணிப்பு, ஓர் உயிர் மடிந்த நாளிலிருந்து அதிலுள்ள கார்பன்-14 சிதைந்து வருவதை அளக்கிறது. அதன் அரை ஆயுள் 5730 ஆண்டுகள். இரும்பு உயிரன்று. ஆகவே பெரும்பாலும் இரும்போடு சேர்ந்து கிடைத்த கரியைத்தான் அளப்பார்கள். அந்தக் கரி முதிய மரமொன்றின் வைரப் பகுதியிலிருந்து, அதாவது எப்போதோ வளர்ந்து நின்றுவிட்ட உட்புறக் கட்டையிலிருந்து வந்திருந்தால், எரிக்கப்பட்ட நாளைவிடக் காலம் கூடுதலாகக் காட்டும். நெல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை, அது ஒரு பருவத்துப் பயிர். விளைந்த ஆண்டும் மடிந்த ஆண்டும் ஒன்றுதான். இதைச் சொல்ல ஒரு தாவரவியல் ஆசிரியர் தேவைப்படுவதில் எனக்குச் சிறு பெருமை உண்டு. ஆனால் அந்தக் கரியும் அந்த இரும்பும் ஒன்றாகவே புதைக்கப்பட்டவையா, பிற்காலத்தில் எலி வளையாலோ மழைநீராலோ உள்ளே போனவையா என்பதை ஆய்வகக் கருவி சொல்லாது. குழியில் நின்று மண்ணடுக்கைப் பார்த்தவர்தான் சொல்வார். அதாவது, இயற்பியலாரின் எண்ணுக்குப் பொருள் கொடுப்பவர் நீங்கள். அடுத்த கூட்டத்தில் அவருக்கு முந்திக்கொண்டு, எது அளக்கப்பட்டது, எது ஊகிக்கப்பட்டது என்று நீங்களே இரண்டு பத்தியாகக் கரும்பலகையில் பிரித்து எழுதிவிடுங்கள்.

கேள்வி (விலங்கியல் துறை, நாங்குநேரி): முடியாத ஆய்வைச் சொன்னால் யாராவது எடுத்துக்கொள்ளமாட்டார்களா?

பதில்: கூந்தன்குளத்துப் பறவைகளைப் பற்றிய உங்கள் தரவை வணிகவியல் ஆசிரியர் எடுத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்? திருட்டு பெரும்பாலும் சொந்தத் துறைக்குள் நடப்பது. கூட்டப் பதிவேட்டில் தேதியும் உரைச்சுருக்கமும் இருந்தால் அதுவே உங்களுக்குச் சான்று.

கேள்வி (வணிகவியல் துறை, சுயநிதிப் பிரிவு, திசையன்விளை): ஐயா, எங்களுக்கு ஆய்வகம் இல்லை, களப்பணி இல்லை, வினாப்பட்டியல்தான் உண்டு. விஞ்ஞானிகள் நடுவில் நாங்கள் என்ன பேசுவது?

பதில்: உங்கள் ஊர்ப்பக்கத்துக் கருப்பட்டியைப் பேசுங்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கலப்படமும் கூடவே இருக்கிறது. சர்க்கரையைக் கலந்து காய்ச்சியதை வேதியியல் துறை கண்டுபிடித்துவிடும் என்று நினைப்பீர்கள். அது அவ்வளவு எளிதன்று, ஏனெனில் கரும்புச் சர்க்கரையும் பதநீரின் இனிப்பும் பெரும்பாலும் ஒரே சுக்ரோஸ்தான். கரும்பு சி4 வகைத் தாவரம், பனை சி3 வகை. இரண்டும் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் முறை வேறு என்பதால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 விகிதம் வேறுபடும். தேனில் கலப்படம் பிடிப்பது இந்த வழியில்தான். ஆனால் அதற்கான நிறை நிறமாலைமானி நம் கல்லூரிகளில் கிடையாது.

உங்களிடம் இருப்பது கணக்குப் புத்தகம். பாளை சீவுவது எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் ஓய்கிறது, ஒரு பனையில் எவ்வளவு பதநீர் இறங்கும், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியதில் எத்தனை லிட்டருக்கு ஒரு கிலோ கருப்பட்டி தேறும், ஏறுவதற்கு எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்து, ஒரு வட்டாரத்தில் விளையக்கூடிய உச்ச அளவைக் கணக்கிடுங்கள். சந்தையில் விற்கும் அளவு அதைத் தாண்டினால், மிச்சம் எங்கிருந்து வந்தது? வேதியியல் ஆய்வகத்தின் ப்யூரெட் பிடிக்காததைப் பேரேடு பிடிக்கும். வினாப்பட்டியலில் 'முழுவதும் உடன்படுகிறேன்' என்று குறிக்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஆங்கிலத் துறை, தென்காசி): எந்த மொழியில் பேச வேண்டும்? பவர்பாயிண்ட் வைக்கலாமா?

பதில்: தமிழில். கலைச்சொல் ஆங்கிலத்தில் வந்தால் வரட்டும், விளக்கம் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலக் கட்டுரையை அப்படியே வாசிப்பவருக்குத் தாம் புரிந்துகொண்டது எது, மனப்பாடம் செய்தது எது என்பது தெரிவதில்லை; "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் விளங்கச் சொல்லுங்களேன்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்போதுதான் தெரியும். தமிழ் அறியாத ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவர் அருகில் ஒருவரை அமர்த்துங்கள். அவருக்காக முப்பது பேரும் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேச வேண்டியதில்லை. பவர்பாயிண்ட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள்: படம், வரைபடம், அட்டவணை மட்டும், வாக்கியங்கள் கூடாது.

கேள்வி (கணினி அறிவியல் துறை, சங்கரன்கோவில்): எங்களுக்கு நேரமே இல்லை. இரண்டு ஷிப்டு, இன்டர்னல் தேர்வு, விடைத்தாள். கூட்டத்தை எப்போது வைப்பது?

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு. சுயநிதிப் பிரிவில் அதைவிட அதிகம் எடுப்பவர்கள் பலர் என்பதையும், அவர்களை மாலையில் பிடித்துவைப்பது நியாயமில்லை என்பதையும் அறிவேன். நான்கு மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான் என்ற நிலையில் இருக்கும் ஆசிரியைகள், மாலைக் கூட்டம் என்றாலே வருவதில்லை. வராததற்கு ஆர்வமின்மை என்று பெயர் சூட்டப்படுகிறது. காலை ஷிப்டு முடிந்து மாலை ஷிப்டு தொடங்கும் இடைவெளியில் மாதம் ஒருமுறை நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கி, கால அட்டவணையிலேயே அச்சிடச் செய்யுங்கள். இருபது நிமிடம் உரை, மிச்சம் கேள்வி. காப்பியும் வடையும் உரைக்கு முன்பே வந்துவிட வேண்டும். பின்பு தருவதாகச் சொன்னால் கேள்வி நேரம் வடை நேரமாகிவிடும்.

கேள்வி (வேதியியல் துறை, சாத்தான்குளம்): கூட்டத்தில் பழகி ஒரு பொருளியல் ஆசிரியரோடு சேர்ந்து கட்டுரை எழுதுகிறேன். யார் பெயர் முதலில்?

பதில்: தரவு சேகரிக்கத் தொடங்குமுன்பே பேசி எழுதிவைத்திருக்க வேண்டும். இப்போதாவது எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பகுதி வேலையைச் செய்து வரைவை எழுதுபவர் முதலில். துறைத்தலைவர் என்பதற்காகவோ மூத்தவர் என்பதற்காகவோ ஒரு பெயரைச் சேர்க்காதீர்கள். கூட்டத்தில் நல்ல கேள்வி கேட்டவருக்கு நன்றிப் பகுதியில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அதனாலேயே அடுத்த முறை அவர் கேள்வி கேட்பதில்லை.

கேள்வி (ஐக்யூஏசி எனும் கல்லூரி உள்தர உறுதிப்பாட்டுக் குழுவின் ஒருங்கிணைப்பாளர், பாளையங்கோட்டை வட்டாரம்): கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பின் மூன்றாம் அளவுகோலில் (ஆய்வு) இக்கூட்டத்தைக் காட்ட முடியுமா? புகைப்படம், பதாகை வேண்டாமா?

பதில்: வருகைப் பதிவேடும் ஒரு புகைப்படமும் வைத்துக்கொள்ளுங்கள். பதாகை, குத்துவிளக்கு, பொன்னாடை வேண்டாம். அவை வந்தால் பேச்சாளர் முடிந்த ஆய்வைத்தான் கொண்டுவருவார்.

கேள்வி (தாவரவியல் துறை, ஆலங்குளம்): தொடக்கத்தில் கூடம் நிறைந்தது. இப்போது நான்கு பேர்தான் வருகிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: நால்வரும் எந்தத் துறை? வெவ்வேறு துறை என்றால் நிறுத்த வேண்டாம். கூடத்தை விட்டுவிட்டு நூலகத்தில் ஒரு மேசையைச் சுற்றி அமருங்கள், ஒலிபெருக்கி இல்லாமல் பேச்சு நன்றாக நடக்கும். நால்வரும் தாவரவியல் என்றால் அதற்குத் துறைக்கூட்டம் என்று பெயர், அது தனியே நடக்கட்டும். அப்படியானால் அடுத்த மாதம் நீங்கள் பேசாமல், கணிதத் துறைக்குப் போய் அங்குள்ள இளையவர் ஒருவரைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். அவர் தம் துறைத்தலைவரையும் ஓரிரு நண்பர்களையும் கட்டாயம் அழைத்துவருவார்.