சுரங்கத் தண்ணீரில் மீன் செத்தால் எதைத் தேடுவது?

பெங்களூரு பீன்யாவில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "தெலங்கானாவில் ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கழிவுநீர் வந்தது. பி.எச். 7.6. தொங்கும் திடப்பொருள், எண்ணெய், நைட்ரேட் எல்லாம் வரம்புக்குள், உலோகங்களும் சொல்லும்படி இல்லை. ஆனால் மீன் சோதனையில் 96 மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் செத்துவிட்டன. 90 சதவீதம் பிழைக்க வேண்டும் என்பதுதானே விதி? காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?"

விதி அதுதான். முதலில், ரிப்போர்ட்டில் இன்னும் நாலு உலோகத்தைச் சேர்த்துப் பார்க்கலாம் என்ற யோசனையை விடுங்கள். நீங்கள் அளந்ததைத்தான் ரிப்போர்ட் சொல்லும், மீனுக்கோ மொத்தத் தண்ணீரும் ஒன்றாகத்தான் போய்ச் சேருகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1990களின் தொடக்கத்தில் வகுத்துக் கொடுத்த முறை இதற்கு நன்றாகவே வேலை செய்யும்: ஒரே மாதிரியைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வகைப் பொருளை மட்டும் நீக்கியோ செயலிழக்க வைத்தோ மீனை விட வேண்டும். எந்தப் பங்கில் மீன் பிழைக்கிறதோ, அங்கே நீக்கியதில்தான் ஆள் இருக்கிறான். பக்கத்தில் எதுவும் செய்யாத ஒரு பங்கும், அதே வேதிப்பொருள் சேர்த்த நல்ல தண்ணீரும் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கொன்றது கழிவுநீரா நீங்கள் சேர்த்த மருந்தா என்றே தெரியாது.

நிலக்கரி என்றதும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்), அமிலம், இரும்பு என்று மனம் போகும். அசாமின் மாக்கும் பகுதியில் கந்தகம் அதிகம், அங்கே அது சரி. தெலங்கானாவின் கோதாவரிப் படுகை நிலக்கரியில் கந்தகம் குறைவு, தண்ணீர் பெரும்பாலும் நடுநிலையாகவோ சற்றுக் காரமாகவோதான் வரும். அதனால் உங்கள் மாதிரியில் நான் முதலில் சந்தேகப்படுவது அம்மோனியாவை. பாறை வெடிக்க அம்மோனியம் நைட்ரேட்தான் போடுகிறார்கள், வெடிக்காமல் சிந்தியது மழையில் கரைந்து குட்டைக்கு வந்துவிடும். பொதுத் தரநிலையில் அம்மோனியா நைட்ரஜனுக்கு லிட்டருக்கு 50 மி.கி. வரை இடம் இருக்கிறது, மீனைக் கொல்ல அதில் சிறு பங்கே போதும்.

இங்கேதான் பி.எச். விளையாடுகிறது. 7.6 என்பது பாட்டிலைத் திறந்தபோது பார்த்த அளவு. சுரங்கத் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு, தொட்டியில் காற்று படப்பட வெளியேறிவிடும். மூன்றாம் நாள் காலையில் மீட்டரை விட்டுப் பாருங்கள், 8.5 காட்டினால் ஆச்சரியப்பட மாட்டேன். 25 டிகிரியில், 7.6 பி.எச்.சில் மொத்த அம்மோனியாவில் சுமார் 2 சதவீதம்தான் நச்சான வடிவத்தில் இருக்கும், 8.5 ஆனால் அதுவே 15 சதவீதம் ஆகிவிடும். தண்ணீரில் புதிதாக எதுவும் சேராமலேயே விஷம் ஏழு மடங்கு. ஆகவே மூன்று பங்கை 6.5, 7.5, 8.5 என்று நிலையாக வைத்து ஓட்டுங்கள், இன்னொன்றை அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும் ஜியோலைட் என்ற கனிமத்தின் வழியாக விடுங்கள். பி.எச். ஏற ஏறச் சாவும் ஏறி, ஜியோலைட்டுக்கு அப்புறம் மீன் பிழைத்தால் ஏறக்குறைய முடிந்த கதை. ஆனால் ஜியோலைட் சில உலோகங்களையும் பிடித்துக்கொள்ளும், அதை மட்டும் நம்பி எழுதிவிடாதீர்கள்.

உலோகத்துக்கு, அதைக் கட்டிப்போட்டுச் செயலிழக்க வைக்கும் ஈ.டி.டி.ஏ.வும் சோடியம் தயோசல்ஃபேட்டும், தனித்தனிப் பங்கில். இரண்டிலும் பிழைத்தால் செம்பு, காட்மியம் பக்கம் பாருங்கள், ஈ.டி.டி.ஏ.வில் மட்டும் என்றால் துத்தநாகம், நிக்கல், ஈயம். செலீனியம் இந்த வலையில் விழாது, அது உணவு வழியே மெதுவாகச் சேர்ந்து கெடுப்பது, 96 மணி நேரச் சோதனையில் தெரியவும் தெரியாது.

ஃபில்டர் செய்த பங்கில் பிழைத்தால் செத்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். துருநிறப் படிவு ஒட்டியிருந்தால் இரும்பு. கொழகொழவென்று இருந்தால் குட்டையில் மண் படிய என்ன பாலிமர் போடுகிறார்கள் என்று கேளுங்கள், நேர்மின்னூட்டம் உள்ள வகை செவுளில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைத்துவிடும். இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

எதைச் செய்தும் சாவு குறையவில்லை என்றால் உப்புகள். சல்ஃபேட், பைகார்பனேட், மெக்னீசியம் என்று உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள அதே அளவுகளில் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஒரு போலிக் கழிவுநீர் தயாரித்து மீனை விடுங்கள். அதிலும் அதே அளவு செத்தால் கேள்விக்கே இடமில்லை. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 2000 மைக்ரோசீமன்ஸ் அளவில்தான் இருக்கிறது, மீன் சாகிறது என்றால் உப்பின் மேல் பழி போட நான் தயங்குவேன், மீன் அவ்வளவு எளிதில் உப்புக்குச் சாகாது. நீர்ப்பூச்சிகள் வேறு ரகம்: அப்பலாச்சியன் மலை ஓடைகளுக்கு அமெரிக்கர்கள் 2011இல் வைத்த அளவுகோல் வெறும் 300 மைக்ரோசீமன்ஸ். முடிந்தால் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளையும் சேர்த்து ஓட்டுங்கள்.

அப்புறம் மாதிரி எடுக்கும் விதம். பாட்டிலில் காற்று இடமில்லாமல் விளிம்புவரை நிரப்பி, சுரங்கத்திலேயே பி.எச். பார்த்து, ஐஸில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள், மாதிரி எடுத்ததிலிருந்து ஒன்றரை நாளுக்குள் சோதனையைத் தொடங்கிவிடுங்கள். ஒரே மாதிரியை வைத்து முடிவு எழுத வேண்டாம்: வெடி வைத்த மறுநாள் ஒன்று, நல்ல மழைக்குப் பின் ஒன்று, வெடியே இல்லாத வாரத்தில் ஒன்று. அம்மோனியா அளவும் சாவும் மூன்றிலும் சேர்ந்தே ஏறி இறங்கினால் பெயரைத் தைரியமாக எழுதலாம்.